திருப்பி வாங்காத சரக்கு

தலவாக்கலை டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் செய்வதற்கென்று இணையத்தில் ஒரு மென்பொருள் வாங்கினேன். பணம் கட்டியதும் மின்னஞ்சலில் நீளமாக ஒரு லைசன்ஸ் எண் வந்தது. ஆனால் என் பழைய கம்ப்யூட்டரில் அந்த மென்பொருள் ஏறவே மாட்டேன் என்றது. எண்ணை நான் பயன்படுத்தவே இல்லை, பணத்தைத் தாருங்கள் என்று கம்பனிக்கு எழுதினேன். எண்ணை அனுப்பியாகிவிட்டது, இனிப் பணம் கிடையாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பகல் கொள்ளை என்று பக்கத்துப் புடவைக்கடை முதலாளி நானாவிடம் பொருமினேன்.

"மடிப்புக் கலையாம கொண்டாந்தா சேலைய நான் திரும்ப எடுப்பேன் தம்பி. நம்பர எப்புடித் திரும்ப எடுக்கிறது? நீங்க அத எழுதி வச்சிருக்கீங்களா இல்லையான்னு அவனுக்கு எப்புடித் தெரியும்?" என்றார்.

நியாயம்தான். ஆனாலும் செய்யாத களவுக்கு என்னை ஏன் சந்தேகப்பட வேண்டும்? வியாபாரத்தை விட்டுவிட்டு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் மகளுடைய நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுத்து, அவர் போனுக்கு அனுப்பியவன் நான்தான். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்களாம். போனை என் முன்னால் நீட்டினார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேங்க தம்பி. பாருங்க, ஒண்ணுமே இல்ல."

உண்மைதான், அவர் போனில் இல்லை. ஆனால் படம் கிடைத்த அன்றே சந்தோஷத்தில் அதைக் கோயில் திருவிழாக் குரூப்பில் போட்டிருந்தார். எங்கள் பக்கம் நல்ல காரியம் எதையும் முதலில் அதில்தான் சொல்வார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லார் போனிலும் அந்தப் பெண் மாப்பிள்ளை பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கம்பனிக்காரன் எதற்குப் பயப்படுகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கல்யாணத்துக்குக் குடுத்த அட்வான்ஸ் தானேங்க ஐயா? தந்திடுறேன்" என்றேன்.

"காசுக்கு வரலைங்க. மக வெளிய தல காட்டாம கெடக்குது. நீங்கதானே அனுப்புனீங்க, மத்தவங்க போன்ல இருக்கிறதையும் இங்கேருந்தே எடுத்துற முடியுமாங்க?"

முடியாதுங்க ஐயா என்று சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

போனை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, வீடு வீடாகப் போய் அழிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.