செக்போஸ்ட் தாண்டிப் பேசிய குரல்

பீட்டர்ராஜ் கம்பம் ஊரில் மைக்கைப் பிடித்தால் மேகமலையில் யானைகள் காதாட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். கூடலூரில் தொட்டிலில் அழும் பிள்ளை வாயை மூடும். யானை நானாகச் சேர்த்தது. பிள்ளை மூடியது ஒரு தடவைதான், அதுவும் பசியடங்கி மூடியிருக்கலாம். ஆனால் சின்னமனூர் வரைக்கும் அவன் குரலைத் தெரியாதவர் இல்லை என்று சொன்னால், அதில் பாதியாவது நிஜம். நான் எழுத எழுத, அவன் மனைவி, என் மருமகள் ஜெசிந்தா எதிரில் பூண்டு உரித்தபடி ஒவ்வொரு பக்கமாக வாங்கிப் படிக்கிறாள். அதனால் இனிமேல் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

ராயப்பன்பட்டிக்காரன் அவன். மாதா கோவில் திருவிழாவில் அறிவிப்புச் சொல்லப் போய், அதுவே பிழைப்பாகிவிட்டது. ஆட்டோ மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன மாடு என்று எல்லாவற்றுக்கும் அவன்தான். மரண அறிவிப்பில் அவனுக்கு ஈடே கிடையாது. இன்னார் இயற்கை எய்தினார் என்று அவன் சொல்லிவிட்டால், நிஜமா என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கைதான் அவன் சொத்து. வினையும் அதிலிருந்துதான் வந்தது.

போனில் காசு வைத்து ஆடும் சீட்டாட்டம் ஒன்றுக்கு விளம்பரக் குரல் வேண்டும் என்று ஓர் ஏஜெண்டு அவனைத் தேடி வந்தான். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது என்பது பீட்டர்ராஜுக்குத் தெரியும். தெரியாமல் செய்தான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கம்பத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. இங்கே லாட்டரிச் சீட்டு விற்றால் போலீஸ் பிடிக்கும். மலையேறிக் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டினால், கேரள அரசாங்கமே அச்சடித்து விற்கிறது. சின்ன வயதிலிருந்து இதையே பார்த்து வளர்ந்தவனுக்கு, சூதாட்டத்துக்கான சட்டம் செக்போஸ்ட்டோடு முடிந்துவிடும் என்று தோன்றிவிட்டது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு குமுளிக்குப் போனான். அங்கே ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து பேசிக் கொடுத்தான். தொண்டையைச் செருமியதுகூட எல்லைக்கு அந்தப் பக்கம்தான் என்ற நிம்மதியோடு இறங்கி வந்தான்.

சாப்பிடும்போது அதைப் பெருமையாகச் சொன்னான். ஜெசிந்தா இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். குழம்பு ஊற்றிய கரண்டி அப்படியே நின்றது.

“லாட்டரி காயிதச் சீட்டு. இது போன்ல ஆடுறது. டெல்லியில போட்ட சட்டம் செக்போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் செல்லும். நடத்துறவனுக்கும் தண்டன, ஆட வாங்கன்னு கூப்பிடுறவனுக்கும் தண்டன. கூப்பிட்டவனுக்கு ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு, அம்பது லட்சம் வரைக்கும் அபராதம்.”

“நான் எங்க கூப்பிட்டேன்? எழுதிக் குடுத்ததப் படிச்சேன்.”

“செத்தவுக பேரையும் எழுதிக் குடுத்துத்தான் படிக்கிறீக. ஊரு நம்புறது காயிதத்தையா, ஒங்க கொரலையா?”

அவன் அப்போதே ஏஜெண்டுக்குப் போன் போட்டான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் முதலில் கேட்டான். யாரோ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த போனிலிருந்து அவன் குரலே புறப்பட்டு வந்தது: மாப்ளைகளா, உக்காந்த எடத்துலயே ஜெயிக்கலாம் வாங்க. பக்கத்தில் நின்ற வேல்பாண்டி, வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன், ஒங்க கொரல்தானேண்ணே என்று சந்தோஷமாகக் கேட்டான். பீட்டர்ராஜ் சளி பிடித்தவனைப் போல இருமிக்காட்டி, இல்லையென்று தலையாட்டிவிட்டு, குடிக்காத டீக்குக் காசு கொடுத்து நடந்தான்.

அதற்குப் பிறகு அவன் வாய் திறப்பது குறைந்தது. கைரேகையைப் போலக் குரலையும் வைத்து ஆளைப் பிடிக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மளிகைக் கடையில் உப்பைக் கையால் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்க மறுத்தான். தொண்டைக்கு என்னவோ என்று சாமியார் பயந்து அவனுக்காக ஜெபம் வைத்தார். காக்கிச் சட்டை ஆட்டோக்காரர்களோடேயே காலம் தள்ளியவன், இப்போது காக்கியைக் கண்டால் சந்துக்குள் திரும்பினான். போன் அடித்தால் அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினான். உள்ளே அது முனகிக்கொண்டே இருக்கும். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு பிற்பகல். வேல்பாண்டியின் மனைவி முனீஸ்வரி நனைந்தபடி வாசலில் வந்து நின்றாள். காலையில் போனவனைக் காணவில்லை, போனை அணைத்து வைத்திருக்கிறான். கையில் இருந்தது, காதில் கிடந்தது, எல்லாமே அந்த ஆட்டத்தில் போய்விட்டதாம். முல்லையாற்றில் வேறு தண்ணீர் கரைமுட்டப் போகிறது.

அவள் அழவில்லை. “பீட்டர்ராஜண்ணன் கொரலு பொய் சொல்லாதுன்னுதான் அவரு ஆடுனாரு. அதே கொரல வெச்சு அவரத் தேடிக் குடுங்கண்ணே,” என்றாள்.

அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் குடையை எடுத்துக்கொண்டு முனீஸ்வரியோடு ஆட்டோவில் ஏறினாள். அவனும் ஏறினான். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஆட்டோ, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவுக்குள் திரும்பும்போதுதான் குரல் புறப்பட்டது. வேல்பாண்டி, எங்க இருந்தாலும் வீட்டுக்கு வாப்பா, ஒன் சம்சாரம் தேடுது. ஸ்டேஷன் வாசலில் ஒதுங்கி நின்ற போலீஸ்காரர் ஒருவர் போனிலிருந்து நிமிர்ந்து, ஆட்டோ மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பார்வை கழுத்தில் ஊர்வது போல இருந்தது என்று பீட்டர்ராஜ் இன்றும் சொல்கிறான்.

ஆற்றங்கரைப் பாதையில், படித்துறை ஓரமாக ஒரு ஜோடி செருப்புக் கிடந்தது. முனீஸ்வரி அதைக் கையில் எடுத்தாள், அவருதுதான் என்றாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துப் போனது. எத்தனையோ பேருடைய சாவைச் சொன்ன வாயால் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டி வருமோ என்று பயந்து, பீட்டர்ராஜ் வாழைத்தோப்பைப் பார்த்துக் கூப்பிட்டான். தொண்டை கிழியக் கூப்பிட்டான். இலைகள் அசைந்தன. முழங்கால்வரை சேறோடு, அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்து, வேல்பாண்டி நடந்து வந்தான்.

மறுநாள் பீட்டர்ராஜ் ஜெசிந்தாவோடு தேனிக்குப் போய், சைபர் கிரைம் போலீஸில் நடந்ததையெல்லாம் தானே சொன்னான். எழுதி வாங்கிக்கொண்டு, அவன் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று அனுப்பினார்கள். இன்னும் கூப்பிடவில்லை. ஜெசிந்தாவின் போன் அடித்தால் அவன் கை தானாக அரிசிப் பானை மூடியைத் தேடுகிறது. வந்தால் வரட்டும், ஒரு மனுசனைக் குழிக்குள் இறக்கிய அதே குரல்தான் அவனைக் கரைக்கும் கூப்பிட்டது, அது போதாதா என்று எழுதி, பேனாவை மூடினேன்.

கடைசிப் பக்கத்தைப் படித்த ஜெசிந்தா பூண்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

“அவுக கொரலக் கேட்டு வேல்பாண்டி வரல அத்தே. அந்தக் கொரலக் கேட்டதும் தோப்புக்குள்ள இன்னும் தள்ளி ஓடுனான், ஆத்துப் பக்கமா. முனீஸ்வரி பாத்துட்டா. அவுக கையில இருந்த மைக்கப் புடுங்கி நான் கூப்பிட்டேன். அப்பறந்தான் நின்னான்.”