கம்பியைப் பார்க்காமல் வாங்கிய கூடாரம்

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்தவன் நான். எந்தத் துணியையும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே தரம் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. போன குளிர்காலத்தில் இமயமலை ஏறக் கிளம்பியபோது அந்தத் திமிரோடுதான் கூடாரமும் வாங்கப் போனேன்.

கூட வந்த நண்பன் செய்யாறில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். கடையில் ஒரு மெல்லிய துணியில் நான் மயங்கி நிற்க, அவன் சொன்னான்: “இன்னாடா, துணியவே தடவிகினு கீற? காத்தும் பனியும் அடிக்கிற எடம். தாங்குற கம்பிய பாரு.”

“துணிய பத்தி எனக்கே சொல்றியா?” என்றேன், கடைக்காரர் முன்னாலேயே. ஒரு கிலோகூட இல்லாத ஒற்றைக் கம்பிக் கூடாரத்தை எடுத்தேன். அவன் கம்பிகள் குறுக்கே பின்னிய கனமான ஒன்றை வாங்கி, வழியெல்லாம் மூச்சு வாங்கச் சுமந்தான். நான் கிண்டல் செய்துகொண்டே நடந்தேன்.

மூன்றாம் நாள் மாலை காற்றோடு பனி கொட்டியது. கம்பி முறிந்து கூடாரம் என் மேலேயே படுத்துவிட்டது. துணியில் ஓர் இழைகூடப் பிரியவில்லை. அவன் கூடாரத்துக்குள் ஊர்ந்து போனேன். நகர்ந்து இடம் கொடுத்தவன் மெதுவாகச் சொன்னான்: “துணி நல்ல துணிதாண்டா.”

கிண்டலாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். ஆறுதலுக்குச் சொன்னான். அதுதான் இன்னும் எரிகிறது.