இடுப்பில் ஏறிப் பார்த்த ஜம்பு சவாரி

யுத்தம் முடிந்த மறு வருஷம், மைசூரில் தசரா சமயம். நான் இண்டர்மீடியட் முதல் வருஷம், சயன்ஸ் எடுத்திருந்தேன். வயது பதினேழு. பார்ப்பவர்கள் பத்து என்பார்கள்.

வகுப்பில் எனக்குப் பெயர் அரை டிக்கெட். "ஏய் அரை டிக்கெட், பெஞ்சு மேல ஏறி நில்லுடி, நீ வந்திருக்கறது லெக்சரருக்குத் தெரியட்டும்" என்பாள் பக்கத்தில் உட்காருகிறவள். "முழு மார்க்குக்கு அரை டிக்கெட் போதும்டி" என்று நானும் விடமாட்டேன். எங்கள் வீட்டில் பெண் பெரியவளான பிறகுதான் தாவணி. அதனால் காலேஜுக்குப் பாவாடை சட்டையில் போனவள் நான் ஒருத்திதான். அம்மா எப்போதோ வாங்கிய தாவணி பெட்டியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

எல்லாம் ஒரு பல்வலியில் ஆரம்பித்தது. பல் டாக்டர் வலித்த பல்லை விட்டுவிட்டு டார்ச்சை மேலே திருப்பினார். என் மேல்வாய் அண்ணம் குறுகி, கூம்பு மாதிரி உயர்ந்திருக்கிறதாம். தாடையும் சிறியது, பற்கள் இடமில்லாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. வயதைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தோல் மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். முழங்கைக்குக் கீழே அது வெளிப்பக்கமாக விலகி நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை எக்ஸ்ரே எடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விரல் எலும்புகளின் நுனிக்குப் பக்கத்தில் மெல்லிய கறுப்புக் கோடு! வளர்ந்தவர்களுக்கு அந்த இடைவெளி மூடிவிடும், மூடாதவரை எலும்பு நீளும் என்று நான் படித்திருந்தேன். இந்த எலும்புக்குப் பன்னிரண்டு வயதுதான் சொல்லலாம் என்றார் படம் எடுத்தவரும். வீடு வரை ஜட்கா வண்டியில் அப்பாவுக்குப் பாடம் நடத்தினேன்.

"இன்னும் மூடலைப்பா. இனிமேதான் வளரப் போறேன், பாருங்கோ!"

அப்பா வெகு நாள் கழித்துச் சிரித்தார். "வளரு, வளரு. நிலைவாசல்ல தலையை இடிச்சுக்காம இருந்தா சரி."

மறுநாள் அம்மா பெட்டியைத் திறந்து தாவணியை வெயிலில் உலர்த்தினாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். அமெரிக்காவில் இதே போல ஏழு பெண்களைப் பற்றி ஒரு டாக்டர் எழுதியிருக்கிறாராம். அதே குட்டை உருவம், அதே கழுத்து, அதே முழங்கை. டர்னர் சிண்ட்ரோம் என்கிறார்களாம். பெண்ணைப் பெரியவளாக்கும் சுரப்பு இந்த உடம்பில் இல்லை; எலும்பு மூடாமல் இருப்பது அதனால்தானே தவிர, வளர்வதற்காக இல்லை. ஊசி போட்டுப் பார்த்தும் அந்தப் பெண்கள் உயரவில்லை. குழந்தை பிறக்காது என்பதை மட்டும் அப்பா பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கும் கேட்டது. உலகத்தில் ஏழு பேர், நான் எட்டாவது என்று அசட்டுத்தனமாக ஓடியது மனசு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தாள். தாவணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

விஜயதசமியன்று அப்பாதான் பிடிவாதமாக ஜம்பு சவாரிக்கு, அரண்மனை யானை ஊர்வலம் பார்க்க, அழைத்துப் போனார். கூட்டம் நெருக்கியதில் அவர் கை நழுவிவிட்டது. என்னைச் சுற்றி முதுகுகள். பேண்டு வாத்தியம் கேட்டது, யானை வருகிறது என்று கத்தினார்கள், எனக்கு ஒரு வேட்டியின் கரைதான் தெரிந்தது.

"ஏன் அம்மிணி, தெரியலியா?" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு குடியானவப் பெண். தமிழ் பேசும் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்தவளாம். பதிலுக்குக் காத்திராமல் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "யம்மாடி, என்ன கனம்! உங்காத்தா என்னத்தப் போட்டு வளக்கறா? எத்தனாங் கிளாஸு படிக்கற?"

யாருக்கும் உடனே பதில் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. இண்டர்மீடியட் என்று சொல்லியிருந்தால் பாவம், பதறிப்போய் இறக்கி விட்டிருப்பாள்.

"அஞ்சாங் கிளாஸ்" என்றேன்.

தங்க அம்பாரி வெயிலில் தகதகத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. "நல்லாப் பாத்துக்க கண்ணு" என்றாள் அவள். "பெரியவளாயிட்டா உன்ன யாரு தூக்கிக் காட்டுவா?"

நாலைந்து வரிசை தள்ளி அப்பா என்னைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடாமல் அப்படியே நின்றுவிட்டார். அவள் என்னை இறக்கிவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கைப்பிடி பொரியும் கொடுத்தாள். வீடு வருவதற்குள் பொரி கைக்குள்ளேயே நமுத்துப் போயிற்று.

மறுபடி தசரா வருகிறது. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளைப் போல் இன்னொருத்தி அன்பாகக் குனிந்து கேட்டால், இந்த வருஷமும் அஞ்சாங் கிளாஸ் என்றே சொல்லிவிடுவேனோ, அதையும் அவள் நம்பிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.