காதுக்குக் கீழே கத்தி படக்கூடாது

டால்பர்ட் ஊர்ப் பெண்களின் தலைகளை முப்பத்தோரு வருடமாக ஆண்டவள் வெர்னெல் கேடிஸ். சாயம் பூசுவாள், சுருட்டுவாள், புருவத்தை வில்லாக வளைப்பாள். சவரக்கத்தியை எடுத்துத் தலைமுடியைச் சீவிவிடவும் அவளுடைய உரிமத்தில் இடம் உண்டு. ஆனால் அதே கத்தி காதுக்குக் கீழே இறங்கி ஒரு தாடியை மழித்தால் குற்றம். தாடி மழிக்கும் உரிமை எதிர்ச்சாரியில் இருக்கும் சலூன்காரர் க்ளியோஃபஸுக்குத்தான். அந்த மாநிலத்துச் சட்டம் அப்படி. அதே கை, அதே கத்தி, நாலு விரற்கடை கீழே போனால் வேறு ராஜ்ஜியம். இது நியாயமா என்றால், இல்லை. எத்தனை வக்கீல் வந்து வாதாடினாலும் இல்லைதான்.

மாப்பிள்ளைப் பையன்கள் இரண்டு பேருக்கு அவசரத்தில் கன்னம் மழித்து, உரிமம் கொடுக்கும் வாரியத்திடம் இரண்டு எச்சரிக்கைச் சீட்டு வாங்கியிருந்தாள் வெர்னெல். மூன்றாவது வந்தால் கடைக்குப் பூட்டு.

தேவாலயச் சபையின் ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் சாயங்காலம், வெர்னெலின் கடையிலிருந்து மற்றப் பெண்கள் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, மோவாய்வரை சுற்றியிருந்த கழுத்துத் துணியை அவிழ்த்தாள் மிஸ் ஓடெலியா. எண்பத்திரண்டு வயது, சபைக்கே தாய் போன்றவள். மோவாய் நிறைய வெள்ளிக் கம்பியாய் நரைமுடி.

"மெழுகு போட்டுப் பிடுங்க வேணாம்மா. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற இந்த மாத்திரையால போன தடவ தோலும் சேந்து வந்துடுச்சு. கத்தியால ஒரு இழுப்பு இழுத்துடு."

வெர்னெல் சுவரில் தொங்கிய உரிமத்தைக் காட்டினாள். க்ளியோஃபஸிடம் போகச் சொன்னாள்.

"சனிக்கிழம அவன் கடையில பாதி சபை உக்காந்திருக்கும். அவனுங்க முன்னால நான் மோவாய நீட்டவா? அதுக்கு நாளைக்கு வீட்லயே கெடக்கறேன்."

மிஸ் ஓடெலியா இல்லாத ஆண்டு விழாவை அந்த ஊர் பார்த்ததில்லை. வெர்னெல் பெருமூச்சு விட்டாள், திரையை இழுத்தாள், நுரை தடவினாள். இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் திரும்பும்போது கதவு மணி அடித்தது. திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தவர் வாரியத்தின் ஆய்வாளர் ராஸ்கோ டில்மன். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சட்டத்தில் எழுதியதை வேதமாக எடுத்துக்கொள்கிறவர்.

"மிஸ் வெர்னெல், இது மூணாவது," என்று பேனாவைத் திறந்தார்.

வெர்னெல் கத்தியைத் தாழ்த்தினாள். மிஸ் ஓடெலியாதான், என்ன எழுதப் போகிறாய் என்று நுரையோடு கேட்டாள். வாடிக்கையாளரின் பெயரையும், அவருடைய தாடியை மழித்ததையும் எழுத வேண்டும் என்றார் அவர்.

"யாரோட தாடிய?"

ராஸ்கோ அந்த நுரை மோவாயை ஒருதரம் பார்த்தார்.

"எழுதுப்பா. ஓடெலியா பிரிம், அவளுக்குத் தாடின்னு முழுசா எழுது. நாளைக்குக் கூட்டத்துல நானே வாசிச்சுக் காட்றேன். உங்கம்மா மொத வரிசைலதானே உக்காருவா?"

பேனா காகிதத்துக்கு ஒரு நெல் உயரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கடைசியில், அழுக்குத் துண்டுக் கூடையின் மூடி சரியாக மூடவில்லை என்று எழுதினார். அது உண்மைதான். அந்த மூடி என்றைக்கும் அரைவாய் திறந்தபடிதான் கிடக்கும். அந்தக் குறிப்புக்குக் கடையைப் பூட்டும் வலு கிடையாது.

ஆனால் மனிதர் கிளம்பவில்லை. மீதிப் பக்கத்தில் வெர்னெலின் கத்தி படக்கூடாது, பட்டால் பெயரையும் எழுதுவேன், அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொள்வேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு பக்கம் வழுவழு, மறுபக்கம் வெள்ளி. இதோடு எந்தப் பெண் கோவிலுக்குப் போவாள்? வெர்னெல் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கத்தியின் பிடியை மிஸ் ஓடெலியாவின் கையில் வைத்து, முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றச் சொல்லி, கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாள். தன் மோவாயைத் தானே மழிக்க யாருக்கு உரிமம் வேண்டும்?

"மெதுவா கீழ எறக்குங்க. மூச்சப் புடிங்க. ம்... இப்ப விடுங்க."

கத்தி நடுங்கவில்லை.

ராஸ்கோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடி பிடிக்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. புத்தகத்தை மூடினார். மிஸ் ஓடெலியா மோவாயை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள். வெர்னெல் பார்த்து, முடிந்தது என்றாள்.

ராஸ்கோ தொண்டையைச் செருமினார்.

"அந்த ஓரத்துல ஒண்ணு நிக்குது, மேடம்."