கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெய்

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். என் மனைவி அவியலுக்கு மேலே தேங்காயெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவருமே நாகர்கோவில் பக்கம். காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்து ஏழு வருடம் ஆனாலும் சமையலுக்கு அந்த எண்ணெய்தான். பாட்டிலை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“இது கடையில வாங்கினது இல்ல. பொங்கல் லீவுல நீங்க சோப்பு செஞ்சீங்கல்லா, அன்னைக்கு ஒரு கிண்ணம் எண்ணெய் மிச்சம் வச்சிருந்தீங்க. வீணாப் போகாண்டாம்னு பாட்டில்ல ஊத்தி வச்சேன்.”

“நான் எதுவும் மிச்சம் வைக்கலையே.”

“ஸ்டீல் கிண்ணம். அடுப்புக்குப் பின்னால தட்டு போட்டு மூடி இருந்துது.”

தட்டு போட்டு மூடியது நான்தான். அவள் சொன்னதும் அந்தத் தட்டின் விளிம்பு நெளிந்திருந்தது வரை நினைவுக்கு வந்தது.

வீட்டில் சோப்பு செய்வதை நான் ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடை சோப்பு போட்டால் என் விரலிடுக்குகள் வெடித்து எரியும். அதற்காகத் தொடங்கியது, பிறகு அதுவே பிடித்துப்போய்விட்டது. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய். அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தை இறக்கிச் சூடாக்குவேன். காஸ்டிக் சோடாவைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்து எண்ணெயோடு சேர்க்க வேண்டும். சோடா எவ்வளவு என்பது எண்ணெயின் எடையைப் பொறுத்தது. எண்ணெய் சோடாவை முழுக்கத் தின்று தீர்த்தால்தான் அது சோப்பு. எண்ணெய் குறைந்தால், மிஞ்சிய சோடா கட்டிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். தோலை அரிக்கும்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் காலைப் பனிக்குத் தேங்காயெண்ணெய் உறைந்திருந்தது. ஒரே கிண்ணத்தில் கொள்ளாது என்று இரண்டாகப் பிரித்தேன். சோடாவை இரண்டுக்கும் சேர்த்தே அளந்து கரைத்திருந்தேன். முதல் கிண்ணம் உருகியதும் இரண்டாவதை வெந்நீருக்குள் வைத்துத் தட்டால் மூடி, பாத்திரத்தோடு அடுப்புக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அப்போது ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. விடுமுறையிலும் விடவில்லை. அரைமணி நேரம் பால்கனியில் நின்று பேசிவிட்டு, பேசியதையே மனதில் ஓட்டிக்கொண்டு வந்து, உருகியிருந்த முதல் கிண்ணத்து எண்ணெயில் சோடாத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் கெட்டியானது. கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வெட்டி எடுத்த பன்னிரண்டு கட்டிகளும் அதுவரை நான் செய்ததிலேயே வெள்ளையாக, கல் மாதிரி இருந்தன. படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

பீரோ மேலே செய்தித்தாள் விரித்து நாலு வாரம் உலரவிட்டேன். பிறகு ஒன்பதைக் கொடுத்துவிட்டேன். நான் இன்னும் பழைய சோப்பைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

மீதியிருந்த மூன்றில் ஒன்றை எடுத்து ஈரமாக்கி நாக்கு நுனியில் வைத்தேன். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு முறையும் இப்படிச் சோதிப்பேன், அப்புறம் விட்டுவிட்டேன். பேட்டரி முனையை நக்கியது போலச் சுரீரென்றது. ஓடிப்போய் வாய் கொப்பளித்தேன்.

“யார் யாருக்குக் கொடுத்தீங்க?” என்றாள் மனைவி. அவள் குரலும் மாறியிருந்தது.

கீழே செக்யூரிட்டி வைத்திருந்த இரண்டும் பிரிக்காமல் இருந்தன. எதிர் ஃபிளாட் அம்மா மூன்று கட்டிகளையும் வாசனைக்காகத் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தார். என்ன என்று கேட்டார். சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னேன். மாடியில் இருந்தவர் இரண்டையும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார், போடவே மறந்துவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கு அந்த மறதிக்காக அவர் காலில் விழுந்திருப்பேன்.

இன்னும் இரண்டு கட்டிகள் என் ஆபீஸ் நண்பனிடம் இருந்தன. அவன் வீடு திருவேற்காட்டில். வேலையாக ஓசூர் போயிருந்தவனுக்குப் போன் செய்தேன்.

“சோப்பா? அது அக்காகிட்ட இருக்கு மச்சி. டெலிவரிக்கு வந்திருக்கால்ல. கெமிக்கல் இல்லாத சோப்புன்னு நீ சொன்னியே, பாப்பாவுக்கு நல்லதுன்னு நான்தான் கொடுத்தேன்.”

“பாப்பா நல்லா இருக்கா?” என்றேன்.

“இருக்கா. கழுத்து, தொடையெல்லாம் சிவந்து தோல் உரிஞ்சு போச்சு, பாவம். குளிப்பாட்ட ஒரு அம்மா வருவாங்க, சூடு பாக்காம வெந்நீர ஊத்திட்டாங்க போல. எங்கம்மா அவங்கள நிறுத்திட்டாங்க.”

“அந்தச் சோப்ப இனிமே தொட வேண்டாம்னு சொல்லு. நான் நேர்ல வரேன்” என்றேன். ஏன் என்று அவன் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டேன். அது கோழைத்தனம் என்று வைக்கும்போதே தெரிந்தது.

மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று பைக்கை எடுத்தேன். வேலப்பன்சாவடியைத் தாண்டும் வரை நினைவு குழந்தையிடமே இருந்தது. கண்ணில் பட்டிருக்குமோ? முகத்துக்கும் சோப்பு போடுவார்களா? எனக்குக் குழந்தை இல்லை, எதுவும் தெரியவில்லை. தாண்டிய பிறகு பயம் என் பக்கம் திரும்பியது. போலீஸுக்குப் போவார்களா, ஆபீசில் என்ன பேசுவார்கள் என்று ஓடியது. வெந்நீர்தான் காரணம் என்று அவர்களே நம்புகிறார்கள், சோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. அது வந்ததை மறைப்பதற்கில்லை. கோயில் பக்கம் திரும்பும் இடத்தில் வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நின்றேன்.

கதவைத் திறந்தது நண்பனின் அம்மா. உள்ளே கூடத்தில் தொட்டில் தொங்கியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். கிண்ணம், ஆபீஸ் அழைப்பு, மிஞ்சிய சோடா, நாக்கில் வைத்தது, எல்லாவற்றையும்.

“பாப்பாவுக்கு ஆனது வெந்நீரால இல்ல. என் சோப்பாலதான்.”

தொட்டில் நின்றது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து குளியலறைக்குப் போய், ஒரு கட்டியை நியூஸ்பேப்பரில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பாதி கரைந்திருந்தது. இன்னொன்று பிரிக்காமலே இருந்ததாம். அந்தப் பாதியைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“எத்தனை நாள் போட்டீங்க?”

“ஆறு நாள்” என்றார். “ஒவ்வொரு நாளும் வீரிட்டு அழுதா. குளிக்கப் பிடிக்கலன்னு நினைச்சு அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தொட்டிலை மறுபடி ஆட்டத் தொடங்கினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டாக்டர் களிம்பு கொடுத்திருந்தார். புண் ஆறும்வரை சோப்பு வேண்டாம் என்று அவர் சொல்லி நாலு நாள் ஆகியிருந்தது, புண் ஆறத் தொடங்கியிருந்தது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் காட்டச் சொன்னேன், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “அது கிடக்கட்டும்” என்றார் நண்பனின் அம்மா. பிறகு, “நாங்க அந்தப் பொம்பளையத்தான பேசாத பேச்செல்லாம் பேசினோம்” என்றார்.

அவர் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை. வீடு எங்கே என்று நான் கேட்டேன். பின்தெருவில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் என்றார்.

ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எந்த வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொன்னதுமே எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது.

“கொயந்தைக்கு இன்னா ஆச்சு? ரொம்ப ஜாஸ்தியாய்டுச்சா?”

“இல்லம்மா. ஆறிட்டு வருது. உங்க மேல தப்பே இல்ல. நான் செஞ்ச சோப்புதான் காரணம்.”

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே கேட்டார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

“அன்னிக்கே சொன்னேன் நைனா, சோப்பு ஒரு மாதிரி வயவயன்னு கீது, கையெல்லாம் எரியுதுன்னு. வீட்ல செஞ்ச சோப்பு, அதுல ஒண்ணும் இருக்காதுன்னாங்க.” இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் தோல் வழன்று வெள்ளையாக உரிந்திருந்தது. “இத்தினி வருசத்துல எத்தினி கொயந்தைய ஊத்திக்கீறேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆனதில்ல. என் கையிலதான் சூடு தெரியாமப் பூட்ச்சோன்னு பயந்துகினு கீறேன். நாலு நாளா வேற ஊட்டுக்கும் போவல. அங்கயும் எதுனா ஆய்டுச்சுன்னா?”

அந்த நாலு நாட்களும் அவர் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, கையை விட்டு விட்டுப் பார்த்திருக்கிறார், சூடு தெரிகிறதா என்று. அதை அவர் மகள்தான் உள்ளிருந்து சொன்னாள்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். களிம்பு வாங்கித் தருகிறேன் என்றதற்கு, தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்றார்.

“அவுங்ககிட்ட சொல்ட்டியா?”

“சொல்லிட்டுத்தான் வரேன்.”

“அது போதும்” என்று கீரையைக் கையில் எடுத்தார்.

குழந்தைக்குப் பத்து நாளில் தோல் சரியானது. தழும்பு இல்லை என்று நண்பன் சொன்னான், ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை ஆபீசில் என் மேசைப் பக்கம் வரவில்லை. அவன் அம்மா பின்தெருவுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். அந்த அம்மா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வேறு இரண்டு வீடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டதால் நேரமில்லை என்று மட்டும் சொன்னாராம்.

சோப்பு செய்வதை நான் விடவில்லை. கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காட்டி மனைவியிடம் சரிபார்க்கச் சொல்கிறேன். கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். யாராவது கேட்டால் எங்களுக்கே போதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பீரோ மேலே இப்போது இருபது கட்டிகளுக்கு மேல் இருக்கின்றன.