படத்தில் வருகிற புருஷன்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ‘எக்ஸ்ரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே எடுக்கிற பெண், அதனால் அந்தப் பெயர். “என்ன எக்ஸ்ரே, சாப்பிட்டாச்சா?” என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். நான் எதிர் அறையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். அவள் கனமான ஈயக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவது, அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, “மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க” என்று சொல்வது எல்லாம் என் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஏன் கடிக்கத் தெரியவில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அவள் புருஷன் காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். ஊருக்கே நல்லவர். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். சட்டைக்கு இஸ்திரி சரியில்லை என்றால் ஒரு வாரம். டீ ஆறிப்போயிருந்தால் பத்து நாள். அத்தனை நாளும் நடுவில் அவர்கள் மகள்தான் தூது. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். “உங்கம்மாகிட்ட உப்பு எங்கன்னு கேளு” என்பார். பெண் திரும்பி அம்மாவிடம் கேட்கும். எக்ஸ்ரேயின் அப்பா இறந்தபோது இந்த மனிதர் அப்படி ஒரு மௌனத்தில் இருந்தார். அன்றைக்கும் அதைக் கலைக்கவில்லை. “தாத்தா போயிட்டதுக்கு அப்பா வருத்தப்படறாராம்மா” என்று ஏழு வயதுக் குழந்தை வந்து சொல்லிவிட்டுப் போனது. இதை அவள் என்னிடம் சொன்ன அன்று அந்த ஆளை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. எக்ஸ்ரேதான் தடுத்துவிட்டாள். “அவருக்குத் தெரியலக்கா. தான் பண்றது எப்படியிருக்குன்னு அவருக்கே தெரியல. தெரிஞ்சா பண்ண மாட்டார்” என்றாள்.

இந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போது எங்கள் நிர்வாகத்துக்கு வெளிநாட்டு நோயாளிகள் மேல் ஆசை வந்தது. புதிதாக ஒரு ஸ்கேன் பிரிவு திறந்தார்கள். அதற்குத் தலைமை வேண்டுமென்றால் உயர்நிலை ஆங்கிலச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் வகுப்பு. உடைந்த ஸ்ட்ரெச்சர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பயிற்சி அறையில் வட்டமாக நாற்காலி போட்டோம். சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து ஓர் அம்மா வந்தார். எப்போதும் ஜலதோஷம். கைக்குட்டையும் கையுமாக இருந்தாலும் ஆளைப் பேச வைப்பதில் கெட்டிக்காரர்.

சினிமாவும் புத்தகமும்தான் அவருடைய பாடம். வாரம் ஒருவர் தான் பார்த்த படத்தையோ படித்த புத்தகத்தையோ சொல்ல வேண்டும். கதையைச் சொன்னால் மட்டும் போதாது. சொன்னவர் நடுநாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கதாபாத்திரமாகவே மாறி, ‘நான்’ என்று பதில் சொல்ல வேண்டும். தெரியாது என்ற பதிலை மட்டும் அந்த அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். ரத்தப் பரிசோதனைக்காரர் ஒரு துப்பறியும் படத்தைச் சொல்லிவிட்டு, கொலைகாரனாக உட்கார்ந்து வியர்த்து வழிந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எக்ஸ்ரேயின் முறை வந்தது. அவளிடம் சொல்ல ஒரு படமும் இல்லை. வீட்டில் டிவி ரிமோட்டின் பேட்டரிகள் புருஷனின் சட்டைப்பையில் இருக்கும். அவருக்குத் தூக்கம் வந்தால் கதாநாயகன் பிழைத்தானா செத்தானா என்பதெல்லாம் கணக்கில்லை, டிவியை அணைத்துவிடுவார். புத்தகம் படிக்கலாம் என்றால் விளக்கில் அவர் கண் கூசுமாம். இந்த லட்சணத்தில் உயர்நிலை ஆங்கிலம்!

கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு, “ஒரு பழைய வெளிநாட்டுப் படம், பேர் மறந்துபோச்சு” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். அங்கே ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் நான் தமிழிலேயே சொல்கிறேன். மலையடிவாரத்தில் ஒரு வீடு. கணவன் கடிகாரக் கடை வைத்திருப்பவன். குழந்தை கிடையாது, ஒரு நாய் உண்டு. கோபம் வந்தால் கணவன் மனைவியோடு பேச மாட்டான். நாயைக் கூப்பிட்டு, “சூப் ஆறிப்போச்சுன்னு உன் எஜமானியம்மாகிட்ட சொல்லு” என்பான். வீட்டிலிருக்கும் ரேடியோவின் குமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவான்.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பு முடிந்ததும் கேன்டீனில் அவளை மடக்கினேன்.

“யாருக்குடி காது குத்தற? அந்த நாய் உன் பொண்ணுதானே?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். “தமிழ்ல சொன்னா அது என் வீடுக்கா. இங்கிலீஷ்ல சொன்னா யார் வீடோ மாதிரி இருக்கு. சொல்ல முடியுது” என்றாள்.

அவளை வகுப்பு அதோடு விடவில்லை. மற்றவர்களின் படங்கள் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டன, இவளுடைய படம் மட்டும் வாராவாரம் வளர்ந்தது. அந்த மனைவியாக இவளை நடுநாற்காலியில் உட்கார வைத்துக் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து, “இந்தப் பாத்திரம் நம்பற மாதிரியே இல்ல. இவ்வளவு முட்டாளா ஒருத்தி இருப்பாளா? இவளைப் பாத்தா பரிதாபம் வரல, எரிச்சல்தான் வருது” என்றார். வாய் இருக்கிறதே என்று பேசுகிற ஆள். நான் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று எக்ஸ்ரே என்னையே பார்த்தாள். பிறகு அவருக்குத் தானே நிதானமாகப் பதில் சொன்னாள்: “என் கணவர் என்னை அடித்திருந்தால் காயத்தைக் காட்டியிருப்பேன். பேசாமல் இருந்ததை யாரிடம் எப்படிக் காட்டுவேன்?”

ஜலதோஷ அம்மா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்தார். அந்த வாரத்திலிருந்து எக்ஸ்ரேயின் ஆங்கிலம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. தேடித் தேடிச் சொல் எடுத்தவள் தடுக்காமல் பேசினாள்.

கடைசி வகுப்புக்குக் குடும்பத்தோடு வர வேண்டும், நிர்வாகமும் வரும், மிகச் சிறந்த ஒரு கதையை மேடையில் சொல்ல வேண்டும் என்றார்கள். எது சிறந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நான்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“வேற கதை சொல்லிடு. அந்த ஆள் முன்வரிசைல உக்காந்திருப்பார். இங்கிலீஷ்ல உன்னைத் திருத்தறவர் அவர், அவருக்குப் புரியாம போகாது. அப்புறம் ஆறு மாசம் வாயைத் திறக்க மாட்டார்.”

“புரியணும்னுதான்க்கா சொல்லப்போறேன்” என்றாள். “வெளியில நின்னு ஒரு தடவை பாக்கட்டும். கோவப்பட்டாலும் பரவால்ல. ஆறு மாசம் பேசாம இருந்தாலும் பரவால்ல. அதுக்கப்புறம் தான் பண்றது என்னன்னு அவருக்குத் தெரியும்ல?”

அவர் வந்தார். கஞ்சி போட்ட சட்டை, பையில் பேனா. மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. எக்ஸ்ரே மேடை ஏறினாள். முதல் இரண்டு வாக்கியத்தில் சொல் தடுக்கியது, அதன் பிறகு வெளுத்து வாங்கினாள். கடிகாரக் கடைக்காரன், நாய், ரேடியோ, சூப் எல்லாம் வந்தன. மனைவியின் தகப்பனார் இறந்த செய்தி வந்த காலையில், கணவன் நாயைத் தடவிக்கொடுத்து, “எனக்கு வருத்தம்தான்னு அவகிட்ட சொல்லு” என்ற இடமும் வந்தது. நான் கதையை விட்டுவிட்டு முன்வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவோ கையைக் கட்டிக்கொண்டு, கண்ணும் கருத்துமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரம் வந்ததும் முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

எழுந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, திருத்தமான ஆங்கிலத்தில் பேசினார். “இது மிகக் கேவலமான கொடுமை. அடிப்பதைவிட மோசம். ஒரு மிருகம்கூட இன்னொரு மிருகத்தை இப்படி நடத்தாது. அந்த மனைவியைக் கேட்கிறேன். இப்படிப்பட்ட ஒருவனோடு ஏன் இன்னும் இருக்கிறாய்? உனக்குத் தன்மானம் இல்லையா?”

எல்லோரும் கைதட்டினார்கள். நிர்வாகி திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

தெரியாது என்று சொல்லக் கூடாது என்பதுதான் விதி. எக்ஸ்ரே நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு சின்ன நெளிவு, ஒரு சந்தேகம், ஏதாவது தெரிகிறதா என்று அவளும் தேடியிருப்பாள். அங்கே ஒன்றும் இல்லை. நல்ல கேள்வி கேட்டுவிட்ட திருப்தி மட்டும் இருந்தது. “இதற்கு என்னிடம் பதில் இல்லை” என்றாள். மொத்த வகுப்பிலும் அப்படிச் சொல்லித் தப்பித்தவள் அவள் ஒருத்திதான். ஜலதோஷ அம்மா அவளை வற்புறுத்தவில்லை.

சான்றிதழ் கிடைத்தது, முதல் தரம். ஸ்கேன் பிரிவின் தலைமையும் அவளுக்குத்தான். “நான் வீட்டில திருத்தித் திருத்தி வந்த இங்கிலீஷ்” என்று சொல்லி அவர் தன் அலுவலகம் முழுக்க இனிப்புக் கொடுத்தாராம்.

திங்கட்கிழமை மத்தியானம் புதிய பிரிவில் அவளைப் பார்க்கப் போனேன். மேஜை மேல் புதுக் கண்ணாடிப் பலகை, பக்கத்தில் சுழல் நாற்காலி. அவளோ ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுக்குப் போனப்புறம் என்ன ஆச்சு? பேசறாரா?”

“பேசறார். வழியெல்லாம் பேசிட்டே வந்தார். இவ்வளவு நல்லா அவர் பேசி நான் பாத்ததே இல்லை. பஸ்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ‘பாத்தியா, உலகத்துல எப்படியெல்லாம் ஆம்பளைங்க இருக்காங்க. நீ குடுத்து வச்சவ’ன்னார்.”

அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் தடுக்கவில்லை. நான் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

“திட்டாதீங்கக்கா, அதுல ஒண்ணும் இல்ல. தப்புன்னு தெரியாமப் பண்றார்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷம் இருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்புன்னு அவருக்கு என்னைவிட நல்லாத் தெரியுதுக்கா.”