படித்த புத்தகத்தை மேஜையிலேயே விடவும்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். அப்பா தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். இந்த ஊரில் எத்தனையோ அலுவலகங்களுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார். பூச்சு முடிந்ததும் வெளியே வந்துவிடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"ஒனக்குன்னு ஒரு நாற்காலி உண்டாடே?"

உண்டு என்றேன். அவருக்கு அது போதும்.

நாற்காலி மட்டுமா, மாதம் ஒருமுறை ஊழியர்களுக்கென்று ஒரு செய்தித்தாளும் உண்டு. ஒரே ஒரு தாள். மலையாளத்தில் டைப் செய்து, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொன்று கொடுப்பார்கள். பைண்டிங் பிரிவில் ஒருவருக்குப் பெண் குழந்தை, ஜெராக்ஸ் மெஷின் வெள்ளிக்கிழமை ஓடாது, ஓணத்துக்குப் பூக்களம் போட ஆள் தேவை. இப்படி. நான் ஒரு வரி விடாமல் படிப்பேன். 'புதிதாகச் சேர்ந்தவர்' என்று என் பெயர் வந்த தாளை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எது என் பெயர் என்று பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாம் வருட மழைக்காலத்தில் அந்தத் தாளில் ஒரு செய்தி வந்தது. வாசிப்பு அறைக்குக் கம்ப்யூட்டர்கள் வருகின்றன. இடம் வேண்டும். யாரும் எடுத்துப் படிக்காத அலமாரிகள் மாதக் கடைசியில் கீழே கோடௌனுக்குப் போகும். அலமாரிகளின் பட்டியலில் கடைசிப் பெயர்: தமிழ்.

கோடௌனுக்குப் போன புத்தகத்தை மாணவர்கள்கூடச் சீட்டு எழுதிக் கொடுத்து மறுநாள்தான் வாங்க முடியும். வெளியிலிருந்து வரும் வாசகர்களுக்கு அதுவும் கிடையாது. எங்கள் தமிழ் வாசகர்களோ பெரும்பாலும் வெளியாட்கள். வலியசாலையிலிருந்து ஒரு மாமி வாரம் இரண்டு நாள் வருவார். தம்பானூர் ஹோட்டல் ஒன்றின் தோசை மாஸ்டர், மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டிபனுக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் தினமும் வருவார். இவர்களைப்போல இன்னும் சிலர். அலமாரி கீழே போனால் இவர்கள் எல்லாரும் வெளியே.

உதவி நூலகரிடம் ஓடினேன். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்.

"யாரும் படிக்கலைன்னு எப்படி சார் தெரியும்? தினமும் படிக்கிறாங்களே."

அவர் ஒரு ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். படித்த புத்தகத்தை மேஜையிலேயே விட வேண்டும் என்பது நூலகத்தின் விதி. அறையில் போர்டே மாட்டியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அட்டெண்டர் சேச்சி மேஜை மேஜையாகப் போய், எந்த அலமாரிப் புத்தகம் எத்தனை கிடக்கிறது என்று எண்ணி எழுதுவார். தமிழுக்கு நேரே வரிசையாகப் பூஜ்யம்.

"ஞான் எந்து செய்யானாடோ? மாசம் முடியட்டே. ரெஜிஸ்டர்ல ஏறினா அலமாரி இங்கதன்னே இருக்கும்" என்றார்.

மறுநாள் வாசகர்களைக் கவனித்தேன். காரணம் உடனே தெரிந்தது. மாமி படித்து முடித்தார், புத்தகத்தை முந்தானையால் துடைத்தார், எடுத்த இடத்திலேயே நூல் பிடித்த மாதிரி செருகினார். மாஸ்டரும் அப்படியே. போர்டு மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. தமிழில் இருந்திருந்தாலும் அவர்கள் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். மாஸ்டரை வாசலில் மறித்து விஷயத்தைச் சொன்னேன்.

"தின்ன எலைய அப்படியே போட்டுட்டு எந்திரிக்கச் சொல்லுதியே தம்பி! எங்க கடையில எவனாவது அப்படிப் போனாம்னா என் வாயில என்ன வரும் தெரியுமா?"

"ஒரு மாசம் மட்டும் அண்ணாச்சி. இல்லன்னா அலமாரியே போயிரும்."

அவர் முகம் மாறியது. அடுத்த நாள் புத்தகத்தை மேஜையில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஏதோ திருடிவிட்டு ஓடுகிறவர் மாதிரி வெளியேறினார். நான் ஐந்து மணிக்காகக் காத்திருந்தேன். சேச்சி எண்ணினார், எழுதினார். எட்டிப் பார்த்தேன். பூஜ்யம்!

"சேச்சி, மாஸ்டர் விட்டுட்டுப் போன புஸ்தகம் மேஜையில இருந்துச்சே!"

சேச்சி விதுரா என்கிற மலையோர ஊர்க்காரர். என்னோடு பேசும்போது மலையாளத்தில் பாதித் தமிழைக் கலந்து விடுவார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடா மோனே, நீதன்னே அல்லே எடுத்து வெச்சே? நான் கண்டதாணு. நாலு மணிக்கு வந்து, தூசி தட்டி, கண்ணுல ஒத்தி, கொண்டுபோய் அடுக்கி வெச்சில்லே?"

ஆமாம். வைத்திருக்கிறேன். எனக்கே தெரியாமல். சேர்ந்த நாளிலிருந்து தினமும் அதைத்தான் செய்துவந்திருக்கிறேன். தமிழ்ப் புத்தகம் ஒன்று மேஜையில் கவிழ்ந்து கிடந்தால் எனக்குத் தாங்காது. மாணவர்கள் விட்டுப்போவதையும் கை தானாக எடுத்து வைத்துவிடும். வாசகர்கள் செருகியது போக மிச்சத்தை நான் செருகியிருக்கிறேன். அந்தப் பூஜ்யங்களில் பாதி என் கைங்கரியம்.

டீ குடிக்கும் இடத்தில் விஷயம் பரவியது. அவர்களுக்குத் தமிழன் எவனும் அண்ணாச்சிதான், நானும் அப்படியே. "அண்ணாச்சி புஸ்தகத்துக்குப் பூஜை செய்து செய்து கோடௌனுக்கு அனுப்பறான் கேட்டோ!" என்று பைண்டிங் பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

சேச்சிக்கு மட்டும் இரக்கம் வந்து ஒரு வழி சொன்னார். "பத்தெண்ணம் எடுத்து மேஜையில பரத்தி இடு. ஆரு பாக்கும்?"

"படிக்காததைப் படிச்சதா எழுத வேண்டாம் சேச்சி."

"ஓ, வலிய நேர்மைக்காரன்! அப்போ மூணு மணி தொட்டு கைய கெட்டிக்கிட்டு இரி."

கட்டிக்கொண்டுதான் இருந்தேன். கண் எதிரே புத்தகம் கிடக்க, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சித்தாள் வேலையைவிடக் கஷ்டம்.

மாமியைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை. "நான் படிச்சதை இன்னொருத்தர் எடுத்து வெக்கணுமா? என்னடா அக்கிரமம் இது!" என்றார். கடைசியில் சரி என்று மேஜையில் வைத்தார். வாசல் வரை போனார். திரும்பி வந்து மேஜை விளிம்புக்கு நேராகப் புத்தகத்தைச் சரிசெய்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார்.

"மாமி, போயிட்டு வாங்க!"

"போறேன்டா, விரட்டாதே. காத்துல பக்கம் பறக்கும். மேல எதாவது வெய்யி."

மாஸ்டர் கடையில் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் வாரம் சப்ளையர் ஒருவர் வந்தார், பிறகு டீ மாஸ்டர், அப்புறம் பக்கத்துக் கடைக்காரர். 'தமிழ்ல புஸ்தகம் இருக்காமே, சும்மா ஒக்காந்து படிக்கலாமாமே' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். ரெஜிஸ்டரில் பூஜ்யம் போய் மூன்று வந்தது, ஐந்து வந்தது. ஒரு நாள் சேச்சி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "எனக்கு இப்போ பணி கூடுதலாயி" என்று பொய்க் கோபம் காட்டினார்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நல்ல மழை. மூன்று மணிக்கெல்லாம் அலமாரியை ஒட்டிய இரண்டு மேஜைகளும் நிரம்பிவிட்டன. ஐந்தடிக்கும் நேரம் உதவி நூலகர் வந்தார், கூடவே டேப்போடு ஒரு ஆசாரி. கம்ப்யூட்டர் மேஜைக்கு அளவெடுக்க.

சார் நின்றார். மேஜையில் இடமே இல்லை. மேலே கிடந்த ஒரு நாவலை எடுத்தார். தமிழ் படிக்கத் தெரியாது. அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். சட்டை நனைந்து, டிபன் நேரமாகியும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்த மாஸ்டரிடம், "இது நல்லதாணோ?" என்றார்.

அவ்வளவுதான், மாஸ்டர் கதையை ஆரம்பித்துவிட்டார். கையால் தோசை சுற்றுகிற மாதிரி காற்றில் சுற்றிச் சுற்றிச் சொன்னார். பாதியில் நிறுத்தினார்.

"பின்னே?" என்றார் சார்.

"முடிவச் சொல்லிட்டா நீங்க படிக்க மாட்டீங்க சார்."

"எனிக்குத் தமிழ் வாயிக்கான் அறியில்லல்லோ!"

"அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வாங்க. நானே வாசிச்சுச் சொல்லுதேன்."

சார் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சேச்சி எண்ணி முடித்து ரெஜிஸ்டரை நீட்டினார். சார் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ஆசாரியைப் பார்த்து எதிர்ச்சுவரைக் காட்டினார்.

"இவிடம் வேண்டா. அங்கோட்டு அளக்கு."

சாருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவருகிலிருந்து ஒரு குரல். மழைக்கு ஒதுங்கிய மாதிரி மாமி குடையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"எழுதியாச்சோ?"

"ஆச்சு மாமி. இனிமே இங்கதான்."

"அப்போ இனி வெக்கலாமோல்லியோ?"

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குடையைச் சுவரில் சாய்த்தார், நேராக வந்தார், குவியலில் தம்முடைய புத்தகத்தைத் தேடி எடுத்து, துடைத்து, இருந்த இடத்தில் செருகினார். அவரைப் பார்த்து மாஸ்டரும் எழுந்தார். கட்டியிருந்த கையை நானும் பிரித்தேன்.